ஜனங்க மைக்

அந்த அம்மா மைக்கைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். சரியாகப் பிடியுங்கள் என்று நானூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். கோளாறு என்னுடைய பெட்டியில் இருந்தது. அவர் மகள் நர்சிங் படிக்கப் போவாளா மாட்டாளா என்பது அந்த இரண்டு நிமிடப் பேச்சை நம்பி இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு நான் செய்தது அதைவிட மோசம். எனவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மைக் செட் கடை. போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன், இருந்தாலும் ஊருக்கு நான் மைக் செட்டுக்காரன்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, மீலாது மேடை, கூத்து என்று எதையும் விட்டதில்லை. நாலைந்து வருடம் முன்புவரை எல்லாரையும் போல நானும் மல்டிகோர் என்கிற தடித்த கேபிளைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். மேடையில் இருக்கும் மைக்குகளின் ஒயர்களையெல்லாம் ஒரே உறைக்குள் திணித்த கேபிள் அது. மேடையில் தொடங்கி, கூட்டத்துக்குப் பின்னால், எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சரைப் போட்டு நான் உட்கார்ந்திருக்கும் இடம்வரை வரும். மணிக்கட்டுத் தடிமன். சுருட்டி வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். எவனாவது அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆட்டினால் ஒரு மைக் செத்துப்போகும், எந்த மைக் என்று தேடுவதற்குள் நலங்கே முடிந்துவிடும்.

அப்புறம் நெட்வொர்க்குக்கு மாறினேன். மேடையில் ஒரு பெட்டி, எல்லா மைக்கையும் அதில் சொருகிவிட வேண்டும். அது குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் நேரத்தைக் குறித்து, கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே நெட் ஒயரில் அனுப்பும். அந்தப் பக்கம் மிக்சர் துண்டுகளை வரிசைப்படி ஒட்டி மறுபடியும் குரலாக்கும். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரே ஒயரில் முப்பத்திரண்டு மைக் போகும். இந்த ஜில்லாவிலேயே இதை முதலில் கொண்டுவந்தவன் நான்தான் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன்.

அந்தச் சாமான்களை எனக்கு விற்ற சென்னைக்காரர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மேடைப் பெட்டி, மிக்சர், பதிவு செய்ய ஒரு லேப்டாப் என்று மூன்றையும் இணைக்க வேண்டுமானால் நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் என்று ஒரு குட்டிப் பெட்டி வேண்டும்.

"எதுல வேணா சிக்கனம் பண்ணுங்க சார், இதுல பண்ணாதீங்க. கண்காணிப்பு கேமராவுக்குப் போடற பொட்டி இருக்குதே, அது கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு நடுநடுவுல தூங்கும். படத்துக்கு ஒண்ணும் ஆவாது. பேச்சு அறுந்துடும்."

துண்டுகள் எல்லாம் ஒரே கடிகாரத்தை நம்பி ஓடுகின்றன. நடுவில் இருக்கிற பெட்டி கண்ணயர்ந்தால் நேரம் தப்பிவிடும். நேரம் தப்பினால் மிக்சர் எதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு இது நன்றாகவே புரிந்தது. தலையாட்டிவிட்டு, தூங்காத பெட்டியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. மேடை மைக்கை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும். பெரிய மனிதர் பேசும்போது மைக் நின்றால் அடுத்த கூட்டத்துக்கு வேறு செட் வந்துவிடும். கூட்டத்தில் கை மாறிக் கை மாறிப் போகிற கார்ட்லெஸ் மைக்கை நாங்கள் 'ஜனங்க மைக்' என்போம். அது நின்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. "மைக்கை வாய்கிட்ட வெச்சிப் பேசுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதி நேரம் அது உண்மையும்கூட. மைக்கைப் புதிதாகப் பிடிக்கிறவர்கள் டார்ச் லைட்டைப் பிடிக்கிற மாதிரி தொப்புளுக்கு நேராகப் பிடிப்பார்கள். மீதிப் பாதி நேரம், எங்கள் கோளாறை மூட நாங்கள் போடுகிற போர்வை அந்த வார்த்தை. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். வெளியில் யாரும் சொல்ல மாட்டோம்.

கல்வராயன் மலையில் ஓர் ஊரில் குறை கேட்கும் முகாம். மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தார். மனு கொடுப்பவர்கள் கொடுக்கலாம். அதுபோக பத்துப் பேருக்கு டோக்கன் கொடுத்து, அவர்கள் மைக்கில் நேராகப் பேசலாம், முடிந்தவரை அங்கேயே உத்தரவு என்று முன்கூட்டியே ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். பத்துப் பேர் பேசுவதையும் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. சனிக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறினோம். கூட என் ஆள் ஒருவர். ஆள் என்று சொல்லக் கூடாது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கருணாபுரத்துக்காரர். ஒயர் இழுப்பதும், கூட்டத்தில் மைக்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பதும் அவர் வேலை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

மேலே போய் எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் அந்தத் தூங்காத நல்ல பெட்டியைக் காணோம் என்று தெரிந்தது. முந்தின நாள் மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்து ஜன்னலில் வைத்தது நான்தான். அங்கிருந்த பிளக்கில் என் போனைச் சார்ஜ் போட வேண்டும் என்று பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். போனை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

வண்டியில் வேறொரு பெட்டி இருந்தது. இறங்கும் வழியில் ஒரு உரக்கடைக்குக் கேமரா மாட்ட ஒப்புக்கொண்டிருந்தேன், அதற்கு வாங்கியது. உறையைப் பிரித்தேன்.

"இது கேமரா பொட்டியாச்சே தம்பி," என்றார் அண்ணன்.

"ஒரு நாளைக்குத் தாங்கும்ண்ணா."

"தூங்கும்னு நீதான சொல்லிக்கினு இருந்த?"

"தூங்கினா பாத்துக்கலாம். மேடை மைக்குக்கு மட்டும் தனியா ஒயர் இழுத்துடு."

நீள ஒயர் ஒன்றே ஒன்றுதான் வண்டியில் இருந்தது. அதை அதிகாரியின் மைக்கிலிருந்து நேராக என் மிக்சருக்கு இழுத்தோம், நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாமல். ஜனங்க மைக்கை அந்தக் கேமரா பெட்டி வழியாகவே விட்டேன். யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, ஒரு கோடியில் மேடை. மழை வரும் போல இருந்ததால் மிக்சரை எதிரே இருந்த பள்ளிக்கூட வராண்டாவில் போட்டேன். கார்ட்லெஸ் மைக்கின் பேச்சை வாங்குகிற ரிசீவர், மேடை ஓரத்தில் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தது. அதைக் கழற்றி வராண்டாவில் என் பக்கத்திலேயே கொண்டுவந்து கட்டியிருந்தால் கேமரா பெட்டியின் தயவு தேவைப்பட்டிருக்காது. ஏணியைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் நடந்து, அரை மணி நேர வேலை. செய்யவில்லை. சோம்பல் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. முதல் ஆறு பேர் பேசும்வரை பெட்டி விழித்துக்கொண்டிருந்தது. ஒருவர் தெருவிளக்கு கேட்டார், ஒருவர் முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனதைச் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர்களிடம் திரும்பி, இதை இன்றைக்கே முடியுங்கள், இதைத் திங்கட்கிழமைக்குள் முடியுங்கள் என்று சொன்னார், அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் காதில் விழுந்த பேச்சுக்குப் பலன் இருந்தது.

ஏழாவது டோக்கன் அந்த அம்மா. நாற்பது வயது இருக்கும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகுதான் தெரிந்தது, மைக் பிடித்த கை தெரியவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு தகரத்தில் கொட்ட ஆரம்பித்தது.

"வணக்கம் சார். எம் பொண்ணு பன்னண்டாவது..." என்று ஒலிபெருக்கியில் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து "சர்டிபிகேட்டு" என்று ஒரு சொல். மறுபடியும் ஒன்றுமில்லை.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் தப்பிவிட்டது என்பதற்கான விளக்கு. அதைப் பார்த்தேன். பெட்டி தூங்கிவிட்டது என்று அந்த நொடியே தெரிந்தது எனக்கு. எழுந்து நின்று, ஐயா ஒரு நிமிடம் பொறுங்கள், கோளாறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் கை பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தது.

"யம்மா, மைக்கை வாய்கிட்ட வெச்சிப் பேசும்மா."

கூட்டத்தில் சிரிப்பு. அவர் தோளைக் கொஞ்சம் குறுக்கி மறுபடி ஆரம்பித்தார். "வெள்ளிக்கெழம..." என்று வந்தது, நின்றது.

"கீழ எறக்காதம்மா. டார்ச் லைட்டு மாதிரி புடிக்காத, குச்சி ஐஸ் மாதிரி புடி."

இது நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிற ஜோக். எல்லாக் கூட்டத்திலும் சிரிப்பார்கள், அன்றைக்கும் சிரித்தார்கள். மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா மைக்கை இறக்கிவிட்டு வெறும் குரலில் ஏதோ சொன்னார். தகரத்தில் விழுந்த மழைதான் கேட்டது. அதிகாரி கையைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலம்மா. மனு எழுதிக் குடுத்திருக்கீங்க இல்ல? பாத்துக்கறோம். அடுத்தவங்க வாங்க."

அதிகாரியின் மைக், என் நீள ஒயர் வழியாக வந்து, கணீரென்று கேட்டது.

அந்த இடைவெளியில் நான் கேமரா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன், அது விழித்துக்கொண்டது. எட்டாவது ஆள் அதே மைக்கில் ஒரு சொல் சிந்தாமல் பேசி முடித்தார். அதோடு சந்தேகம் இருந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. மைக் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பொம்பளைக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து மலை இறங்கும்போது வண்டியில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அணை தெரிகிற வளைவு வந்ததும், "அந்தம்மா சரியாத்தான் புடிச்சினு இருந்துச்சி தம்பி. நாந்தான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தனே," என்றார்.

"உடுண்ணா. மனு குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பாங்க," என்று அவரும் சொன்னார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

புதன்கிழமை மத்தியானம் அந்த அலுவலகத்திலிருந்து போன். ஜனங்கள் பேசிய பதிவில் அங்கங்கே விட்டுவிட்டு வருகிறது, வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டார்கள். லேப்டாப்பும் அதே பெட்டி வழியாகத்தான் கேட்டது, அதனால் பெட்டி தூங்கின இடத்திலும், கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் அது கண்ணயர்ந்த நொடிகளிலும் அதுவும் தூங்கியிருந்தது. ஆனால் என்னிடம் இன்னொன்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ரிசீவரிலேயே நேராக ஒரு சின்ன ரெக்கார்டரைச் சொருகி வைப்பது என் பழக்கம். நெட்வொர்க் வந்த பிறகு அதைத் திறந்தே பார்த்ததில்லை. கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழாவது ஆளை எடுத்தேன்.

அவர் என் காதுக்குள் பேசினார். அப்படித்தான் இருந்தது. மழை பின்னால் எங்கோ, குரல் முன்னால், ஒவ்வொரு மூச்சும் கேட்டது. வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் குரல் அப்படி விழும். கச்சேரிக்கு வருகிற பாட்டுக்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிற இடைவெளி அதுதான்.

"வணக்கம் சார். எம் பொண்ணு பன்னண்டாவது பாஸ் பண்ணிட்டுது. நர்சு படிப்புக்கு எடம் கெடச்சிருக்குது. சாதி சர்டிபிகேட்டு குடுத்தாத்தான் சேத்துப்பாங்களாம். எழுதிக் குடுத்து ஒம்போது மாசம் ஆவுது சார், வெசாரணைக்கு வரோம் வரோம்னு சொல்லிக்கினே இருக்கறாங்க. வர வெள்ளிக்கெழம கடேசி தேதி. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்."

இவ்வளவுதான். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். வீட்டில் மகள் முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார். எங்கேயும் தடுமாறவில்லை. முடிந்த பிறகு, தூரத்தில், ஒலிபெருக்கியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. 'யம்மா, மைக்கை வாய்கிட்ட வெச்சிப் பேசும்மா.' என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கூட்டம் சிரிக்கிறது. அந்த அம்மா பக்கத்தில் யாரிடமோ மெதுவாகக் கேட்கிறார், "கிட்டதானங்க வெச்சிக்கினு இருக்கிறன்?" அண்ணன் குரல் சொல்கிறது, "சரியாத்தான் இருக்குதும்மா, நீ பேசு." அவர் முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் அதே வரிசையில் சொல்கிறார். பிறகு என் குச்சி ஐஸ் வருகிறது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். புதன்கிழமை மத்தியானம். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அலுவலகத்து நம்பர் போனில் முதல் வரியிலேயே இருந்தது. ஐயா, ஏழாவது ஆள் பேசினதை மட்டும் அவசரமாகக் கேட்கச் சொல்லுங்கள் என்று ஒரு போன். ஒரு நிமிட வேலை.

அந்தப் பதிவை அனுப்பினால் என்ன கேட்கும் என்று யோசித்தேன். அவர் சரியாகப் பேசியது கேட்கும். நான் கிண்டல் செய்தது கேட்கும். சரியாகத்தான் பிடித்திருக்கிறார் என்று என் ஆளே சொல்வது கேட்கும். செட்டில் கோளாறு இருந்தது, அதைச் செட்டுக்காரன் அந்தப் பெண் தலையில் கட்டினான் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். அடுத்த மாதம் அவர்கள் நடத்துகிற பெரிய விழா ஒன்றுக்கு என் செட்டைத்தான் பேசி வைத்திருந்தார்கள்.

மற்ற ஒன்பது பேருடைய பேச்சையும் சின்ன ரெக்கார்டரிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து அனுப்பினேன். ஏழாவதை மட்டும் பழையபடி விட்டுவிட்டுக் கீழே ஒரு வரி எழுதினேன். 'ஏழாவது நபர் மைக்கைச் சரியாகப் பிடிக்காததால் பேச்சு பதிவாகவில்லை.' அந்த வரியை நானே, இந்த விரல்களால்தான் தட்டினேன். நிதானமாக. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தும் பார்த்தேன்.

மனு கொடுத்திருக்கிறாரே, அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மேடை ஓரத்தில் மனுக்களை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டியதைப் பார்த்தவன் நான். வெள்ளிக்கிழமை களமருதூர் பக்கம் ஒரு வளைகாப்புக்குச் செட் போட்டேன். நல்ல பெட்டி மண்டபத்திலிருந்து திரும்பி வந்திருந்தது, ஒரு சிக்கலும் இல்லை. அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஸ்பீக்கர் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்த ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் திட்டினேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரிடமும் ரெக்கார்டர் விஷயத்தைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கேமரா பெட்டியைத் தூக்கி எறிந்தேன். வண்டியில் எப்போதும் இரண்டு நல்ல பெட்டி. ஜனங்க மைக்கின் ரிசீவரை எங்கே போனாலும் என் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். குச்சி ஐஸ் ஜோக்கை நிறுத்திவிட்டேன். பேச்சு கேட்கவில்லை என்றால் முதலில் என் சாமானைப் பார்க்கிறேன். எல்லாம் நல்ல பழக்கம்தான். அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன?

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் மலைக்குப் போனேன். ஆர்டர் பேசப் போவதாக வீட்டில் பொய் சொன்னேன். சட்டைப் பையில் அந்த ரெக்கார்டர். அந்த அம்மாவைப் பார்த்து, உட்கார வைத்து, இதைக் காதில் மாட்டிக் கேட்க வைத்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முகாம் நடந்த ஊரில் ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தேன். பெயர் தெரியாது, முகாமில் பேசினாரே ஒரு அம்மா, மகளுக்குச் சர்டிபிகேட் கேட்டு, என்றேன்.

"யாரு, அந்த மைக்கு புடிக்கத் தெரியாத அம்மாவா?" என்றார் கடைக்காரர். "சந்தையில கெழங்கு வித்துக்கினு இருக்கும், போய்ப் பாருங்க."

அப்படித்தான் அவருக்குப் பெயர் ஆகியிருந்தது.

வாரச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து, மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் கடுக்காயும் குவித்து உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே என்னைக் கண்டுகொண்டார்.

"மைக் செட்டு சார்தானுங்க?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு ஒங்களுக்கும் கஷ்டத்தக் குடுத்துட்டங்க. அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தீங்க, எனக்குத்தான் புடிக்க வரல. மன்னிச்சிக்குங்க சார்."

கேலி இல்லை, குத்தல் இல்லை. மனதாரச் சொன்னார். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போய்க்கினு இருக்குதுங்க. சர்டிபிகேட்டு வந்துச்சி, வராம இல்ல. ரெண்டு மாசம் கழிச்சி வந்துச்சி. அதுக்குள்ள எடம் போயிடுச்சி. இனிமே படிக்க மாட்டன்னு சொல்லிடுச்சி. எம்மேல கோவங்க அதுக்கு. ஒரு மைக்க ஒழுங்கா புடிச்சிருந்தா நா இன்னேரம் காலேஜ்ல இருப்பன்னு போன்ல சொல்லும். நெசந்தானுங்களே?"

ரெக்கார்டர் பையில்தான் இருந்தது. கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். சுற்றிலும் சந்தை, ஆட்கள், கிழங்கு வாங்க இரண்டு பேர் குனிந்து நிற்கிறார்கள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்.

"பரவாயில்லம்மா," என்றேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டவரை, பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அடுத்த மாசம் மறுபடியும் முகாம் வருதாங்க. சின்னவ இப்ப பன்னண்டாவது. அதுக்கும் சர்டிபிகேட்டு வாங்கணும். இந்த வாட்டியும் கெடுத்துடக் கூடாது பாருங்க. எப்பிடிப் புடிக்கறதுன்னு ஒரு தரம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க சார்," என்றார்.

சொல்லிக்கொண்டே குவியலில் இருந்து நீளமாக ஒரு கிழங்கை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தார். எழுந்து நின்றார். கிழங்கை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடுவில் இரண்டு விரல் இடைவெளி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிழங்கு வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடிங்களா?"

சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று ஆகிவிடும்.

"இன்னும் கொஞ்சம் கிட்டம்மா," என்றேன்.

அவர் கிழங்கை உதட்டில் படும்படி கிட்டக் கொண்டுவந்து, "வணக்கம் சார், எம் பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.